மலையை விட்டு இறங்காமல் சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்ய முடியுமா?

கேட்டவர் கோத்தகிரிக்காரர். பி.எஸ்சி. கணிதம், எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்திருக்கிறார். காற்று, தண்ணீர், நோய் இவற்றைக் கணினி மாடல் வைத்து ஆராய ஆசை. எங்கே இடம் கிடைக்கும், அதற்காக மலையை விட்டு இறங்கித்தான் ஆகணுமா என்பது கேள்வி.

இறங்கத்தான் வேண்டும். ஆனால் கைடைத் தேடி மட்டும் இறங்குங்கள். ஆராய்ச்சிக் கேள்வியைத் தேடி இறங்காதீர்கள், அது உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நான் குன்னூர் பக்கம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். பிஎச்.டி. சேருவதற்கு முன் ஒரு திட்டத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். டிபன் பாக்ஸ் அளவிலான சென்சார்களை லைன் வீடுகளின் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தகரக் கூரைக்குக் கீழே கட்டி, பி.எம். 2.5 என்கிற நுண்துகள் அளவை எடுப்பதுதான் வேலை. தினமும் விடியற்காலை எண் எகிறும். விறகடுப்பு பற்றவைக்கிற நேரமும் அதுதான் என்பதால், "பார்த்தீர்களா சார், அடுப்புப் புகை" என்று திட்டத் தலைவருக்குக் கிராஃப் போட்டு அனுப்பிவிட்டேன். அவருக்கும் சந்தோஷம்.

அந்த லைனில் இருந்த ஒரு பாட்டியிடம் பெருமையாகப் போனைக் காட்டினேன். பாட்டி சொன்னது: "நேத்து காலைல இந்த லைன்ல யாரு வீட்டுலயும் அடுப்பு எரியல கண்ணு, எல்லாருக்கும் கோயில்ல சாப்பாடு. அது பனிடா."

பனியேதான். இந்த மலிவு சென்சார்கள் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுகிறவை. மூடுபனித் துளிக்கும் புகைத் துகளுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டிவிட்டால் துகளும் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். பிறகு ஃபில்டர் தாளில் துகளைப் பிடித்து, எடை போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தினோம். என் அழகான காலைச் சிகரத்தில் பெரும்பகுதி கரைந்து போனது. மிச்சம் இருந்த புகை அடுப்படிக்குள்ளே இருந்தது. நாங்கள் சென்சார் கட்டியிருந்ததோ வெளியே.

இதைச் சொல்வதற்குக் காரணம், மாடலிங் என்றால் பைத்தான், ஆர் மாதிரி நிரல்மொழிகள், வேகக் கணக்குக்கான ஜிபியு சிப் என்று ஓடுகிறவர்கள் நிறைய. அதெல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும், உங்களுக்குக் கணிதமும் இருக்கிறது. உள்ளே போடுகிற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. மலைக்கு இது இன்னும் பொருந்தும். காற்று மாசை செயற்கைக்கோள் வழியாகக் கணிக்கலாம் என்றால், மேகம் மூடிய நாளில் அதற்குத் தரையே தெரியாது. நம் ஊரில் அப்படி எத்தனை நாள்! வானிலைக்கு உலகமே பயன்படுத்தும் ஈஆர்ஏ5 தரவு பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண் தருகிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். மேட்டுப்பாளையமும் குன்னூரும் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை, உயரத்திலோ சுமார் 1,500 மீட்டர் வித்தியாசம். கீழே ஃபேன் ஓடும் நேரத்தில் மேலே ஸ்வெட்டர். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் வரும் வெப்பநிலையில் மனிதனும் இல்லை, கொசுவும் இல்லை. டெங்கு கொசு எவ்வளவு உயரம் வரை ஏறும் என்ற ஒரு கேள்விக்கே இந்தக் கட்டத்தைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதுவே ஒரு முழு பிஎச்.டி.

இனி இடங்கள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து, விறகுக்குப் பதில் கேஸ் கொடுத்தால் குழந்தையின் எடை கூடுமா என்று பார்த்த ஹேபின் ஆய்வின் தமிழ்நாட்டுப் பகுதி அவர்களுடையது. புகை நன்றாகக் குறைந்தது, பிறப்பு எடை சொல்லும்படி கூடவில்லை. 2022இல் வந்த அந்த முடிவை வாசித்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள். ஏன் கூடவில்லை என்று யோசிப்பதுதான் இந்தத் துறை. நோய்ப் பரவல் மாடல் என்றால் அயப்பாக்கம் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம். கொசு, உண்ணி என்றால் புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்தி ஆய்வு மையம். கூடலூர், முதுமலைப் பக்கம் உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் பயம் இருப்பதால் உண்ணி நமக்கும் வேண்டிய விஷயம்தான். கணக்குதான் முக்கியம் என்றால் தரமணி கணித அறிவியல் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ்.

பழனி மலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் இன்னும் பேசித் தீராத கதை. சுற்றுவட்டாரத்துப் பாசியிலும் பாதரசம் ஏறியிருப்பதை அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது, சோலைக் காட்டுக்கும் ஏரிக்கும் மேலே இருக்கிற இடத்துக்கு அது போதாது என்று எதிர்ப்பு வந்தது. அப்படி ஒரு எண்ணை முடிவு செய்வது ஆபத்து மதிப்பீட்டு மாடல்தான். மாடலில் சோலையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எண் மாறும்.

பணம். ஜேஆர்எஃப் என்கிற அரசு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வாடகைப்படி தனி. அதற்கான தேர்வு, சுற்றுச்சூழல் அறிவியலுக்கு யுஜிசி நெட், கணிதத்துக்கு சிஎஸ்ஐஆர் நெட்.  தாளில் இருக்கிற தொகை மாதாமாதம் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை, ஹாஸ்டல் மெஸ்ஸில் கணக்கு வைத்துச் சாப்பிட்டேன். சேருவதற்கு முன் அங்கே இருக்கும் சீனியரிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள், கைடிடம் கேட்காதீர்கள்.

வெளிநாடு போகலாமா என்றால், போகலாம். ஜெர்மனி, நெதர்லாந்து மாதிரி நாடுகளில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலை. திட்டத்தை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள், அதற்கு ஆள் தேடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் மேரி க்யூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களுக்கு ஒரு விதி உண்டு: முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஊரைவிட்டுப் போகாதவர்களுக்கு இது லாபம்தான். அமெரிக்காவில் முதலில் கோர்ஸ்வொர்க் (வகுப்புப் பாடங்கள்), எல்லாம் முடிய ஐந்தாறு வருடம்.

எங்கே எழுதினாலும் முதல் மெயில் சின்னதாக இருக்கட்டும். "தங்கள் மேலான வழிகாட்டுதலின் கீழ்" என்று ஆரம்பிக்கும் மெயிலை நானே முழுதாகப் படிப்பதில்லை, பேராசிரியர் எங்கே படிக்கப் போகிறார்! உங்கள் ஊரில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று, அதற்கு எந்தத் தரவு இருக்கிறது, எது இல்லை, அவருடைய எந்தக் கட்டுரையோடு அது ஒட்டுகிறது. நாலு வரி. கோத்தகிரியில் டீ ஃபேக்டரிகள் உலர்த்துவதற்கு விறகு எரிக்கின்றன. அந்தப் புகை பள்ளத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதா? நான் என்றால் இதிலிருந்து ஆரம்பிப்பேன். சென்சார் வைத்தால் மட்டும் பனிக்காலத்து எண்களை உடனே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.