வாசகர் கேள்வி பதில்: அப்பாவின் வேலையும் மகளின் பட்டமும்

இந்த மாதம் வந்த கடிதங்களுள் பாதிக்கு மேல் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றியவை. ஒரே கவலையை வெவ்வேறு வீடுகளிலிருந்து எழுதியிருப்பதால், நான்கு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தளவாட நிறுவனத்தில் மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வாங்கிய என் கணவர் (வயது 52) மூன்று மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலையை இழந்தார். நான் பாலர் பள்ளியில் பகுதிநேர உதவியாளராக 1,900 வெள்ளி சம்பாதிக்கிறேன். மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மகன் உயர்நிலை மூன்று. மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். "ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் வேலைக்குப் போகிறேன்" என்கிறாள் மகள். அடுத்த பருவக் கட்டணம் ஜைரோ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் நாள் நெருங்குகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: அம்மா, உங்கள் மகளின் மனம் பெரிது, அவள் எடுக்க நினைக்கும் முடிவுதான் சரியில்லை. கடையில் ஓராண்டு உழைத்து அவள் சேர்க்கும் பணம், பட்டதாரியாக ஓராண்டு தாமதமாக வேலைக்குச் சேர்வதால் இழக்கப்போகும் சம்பளத்தை ஈடுகட்டாது. அதோடு, பொறியியல் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்பதாலும், அவற்றுள் சில ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடத்தப்படுபவை என்பதாலும், ஓராண்டு என்று தொடங்கும் விடுப்பு எளிதில் நீண்டுவிடும். 1985இல், நாடு விடுதலை பெற்றபின் கண்ட முதல் பொருளியல் மந்தத்தின்போது, நான் கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவன். எங்கள் வகுப்பில் "அடுத்த ஆண்டு வந்துவிடுவேன்" என்று சொல்லிப் போன ஒருவர், தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, திரும்பவே இல்லை.

முதல் வேலையாக, மகள் நாளைக்கே பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதட்டும். அப்பாவின் ஆட்குறைப்புக் கடிதத்தையும் உங்கள் சம்பளச் சீட்டையும் இணைத்து, உதவிநிதிக்கு விண்ணப்பிப்பதாகவும், முடிவு தெரியும்வரை கட்டணத்தைத் தவணையில் செலுத்தவோ ஒத்திவைக்கவோ அனுமதி வேண்டுவதாகவும் கேட்கட்டும். ஜைரோ கழிவு தோற்றுப்போன பிறகு விளக்கம் சொல்வதைவிட, கழிவு நாளுக்கு முன்பே எழுதிக் கேட்பது எப்போதும் மேல்.

அடுத்து, கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முன்பு உங்கள் குடும்ப வருமானம் 6,400 வெள்ளி. ஐந்து பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 1,280 வெள்ளி. இன்றைய வருமானமோ 1,900 வெள்ளி. ஆளுக்கு 380 வெள்ளி. உதவிநிதியை முடிவுசெய்வது இந்தத் தனிநபர் வருமானக் கணக்குதான். சென்ற ஆண்டு "நமக்குக் கிடைக்காது" என்று விட்டிருந்தால், அதே எண்ணத்தில் இந்த ஆண்டும் விட்டுவிடாதீர்கள். மாமியாரையும் குடும்ப உறுப்பினராகச் சேர்க்க மறக்க வேண்டாம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

அரசாங்க உதவிநிதி எவ்வளவு என்று கேட்பீர்கள். 2020 கல்வியாண்டில் உயர்த்தப்பட்டபோது, பொதுவான பட்டப்படிப்புகளில், மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் மாணவர்களுக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு வரை கிடைக்க வழிசெய்யப்பட்டது. இதற்கு மேல் பல்கலைக்கழகங்கள் தங்கள் நிதியிலிருந்தும் தருகின்றன. உபகாரச் சம்பளத்தைப்போல மதிப்பெண்ணையும் நேர்காணலையும் முன்வைத்துத் தரப்படுவதன்று இது. தேவையைப் பார்த்துத் தரப்படுவது, திருப்பிக் கொடுக்க வேண்டாதது. "உதவிநிதி ஏழைகளுக்கானது அல்லவா" என்று கூச்சப்படும் நம்மவர்களுக்காகவே இதை விரித்துச் சொல்கிறேன். 380 வெள்ளி என்ற எண்ணுக்குக் கூச்சம் தெரியாது.

கணவரின் பக்கமும் ஒரு வழி உண்டு. சிங்கப்பூரராக இருந்து, மாதச் சராசரி வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாமல், தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தருகிறது. முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, பிறகு படிப்படியாகக் குறையும்; வேலை தேடியதற்கான சான்றை மாதந்தோறும் காட்ட வேண்டும். வீட்டுச் செலவே தடுமாறினால் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போகலாம். பீட்டி சாலையில் உள்ள சிண்டாவையும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) அணுகுங்கள். 1991இல் தொடங்கிய அந்த அமைப்புக்குக் கணவரின் சம்பளச் சீட்டிலிருந்து மாதந்தோறும் சில வெள்ளி போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் கட்டணத்துக்குக் கல்விக் கட்டணக் கடன் இருக்கிறது; முதலாண்டில் எடுக்காதவர்களும் இடையில் எடுக்கலாம். மகளின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் பள்ளிக் காலத்தில் அரசாங்கம் போட்ட எடுசேவ் பணம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். அவளுக்குத் தேவைப்படாவிட்டால் தம்பிக்கும் பயன்படும்.

கேள்வி: என் படிப்புக்கு, மாதச் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கப்படும் தம் மத்திய சேம நிதியிலிருந்து (மசேநி) எடுத்துக்கொள்ளும்படி அப்பா சொல்கிறார். கல்விக் கட்டணக் கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டுமே என்பது அவர் வாதம். எது நல்லது? (மாணவர், செங்காங்)

பதில்: தம்பி, மசேநி என்றால் நம் பணம், அதற்கு வட்டி இல்லை என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். மசேநி கல்விக் கடனுக்கும் வட்டி உண்டு. மசேநியில் வீட்டுக்கும் கல்விக்கும் பயன்படும் சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்தே, அந்தக் கணக்கு ஈட்டியிருக்கக்கூடிய ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்கிவிடும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் தொடங்கி, அதிகபட்சம் 12 ஆண்டுகளில் நீங்கள் அப்பாவின் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் 8,000 வெள்ளி என்று வைத்து, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் எடுத்தால், நான்காண்டு முடிவில் 32,000 வெள்ளிக்கு ஏறத்தாழ 2,000 வெள்ளி வட்டி சேர்ந்திருக்கும். கல்விக் கட்டணக் கடனோ, சிங்கப்பூரர் செலுத்தும் மானியக் கட்டணத்தில் (அரசாங்க மானியம் போக மிஞ்சும் கட்டணம்) 90 விழுக்காடு வரை கொடுத்து, பட்டம் பெறும்வரை வட்டி கேட்பதில்லை. அதற்குப் பின் கேட்கும் வட்டி வங்கிக்குப் போகும். மசேநிக்கு நீங்கள் கட்டும் வட்டி அப்பாவின் முதுமைக்கே போய்ச் சேரும். ஆகவே வட்டியை மட்டும் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது.

நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை. உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மாதத் தவணை எந்தக் கணக்கிலிருந்து கழிகிறது? அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்துதான் என்றால், அந்தக் கணக்குதான் வீட்டின் கூரை. அவருக்கு வேலை போய்விட்டால் புதிதாகச் சந்தா வராது. இருக்கும் தொகை எத்தனை மாதத் தவணைக்குத் தாங்கும் என்பதே குடும்பத்தின் மூச்சு. காலம் சரியில்லாதபோது அதில் 40 விழுக்காட்டைக் கட்டணத்துக்குத் தூக்கிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அப்பாவின் வேலை உறுதியாக இருந்து, வீட்டுக் கடனும் முடிந்திருந்தால், மசேநி நல்ல வழி. இல்லையென்றால் முதலில் உதவிநிதி, பிறகு கல்விக் கட்டணக் கடன், அதன் பிறகே மசேநி. 1989இல் மசேநியைக் கல்விக்குத் திறந்துவிட்டபோது எங்கள் தலைமுறை அதைப் பெரிய வரமாகத்தான் பார்த்தது. வரத்தையும் அளவோடுதான் கேட்க வேண்டும்.

கடனென்று பயப்படவும் வேண்டாம். 2020இல் கொவிட் நேரத்தில், அரசாங்கக் கல்விக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதும் அவற்றின் வட்டியும் ஜூன் மாதம் முதல் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. இனியும் அப்படி நடக்கும் என்று நம்பிக் கடன் வாங்கச் சொல்லவில்லை. ஆனால் வேலை கிடைக்காத பட்டதாரி வங்கிக்கு முன்கூட்டியே எழுதினால் பேசித் தீர்க்க இடமுண்டு.

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவின் வியாபாரம் நொடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பி அங்கே வேறு கல்லூரியில் சேரலாமா? (மாணவி, பூன் லே)

பதில்: கல்வி அமைச்சின் கட்டண மானியத்துக்குக் கையெழுத்திட்டவராக இருந்தால், பட்டம் பெற்றபின் மூன்றாண்டு இங்கே வேலை செய்வதாக ஒப்பந்தம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். பாதியில் போனால் அந்த ஒப்பந்தம் தானாக மறைந்துவிடாது. இதுவரை அரசாங்கம் தந்த மானியத்தை வட்டியுடன் கேட்கும் நிலை வரலாம். வீட்டுக்கு இரண்டாவது இடியாக அது விழ வேண்டாம்.

மானியக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களும் கல்விக் கட்டணக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கடன் தொகை சிங்கப்பூரரின் கட்டணத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால், உங்கள் கட்டணத்தில் ஒரு பெரும் இடைவெளி மிஞ்சும். அதை நிரப்பப் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் அவசர உதவி கேளுங்கள். வளாகத்திலேயே நூலகம், ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் மாணவர்களுக்கான வேலை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் முழுநேர மாணவர்கள், வேலை அனுமதியின்றிப் பருவக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரையும், விடுமுறையில் அதற்கு மேலும் வேலை செய்யலாம். அந்த 16ஐத் தாண்டாதீர்கள். கையில் காசாகத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்று சொல்லும் கடைக்காரரிடமிருந்து உடனே விலகுங்கள். மாட்டிக்கொண்டால் போவது உங்கள் மாணவர் அனுமதி அட்டை.

கேள்வி: கட்டணத்துக்காக வாரம் முப்பது மணி நேரம் உணவு விநியோகம் செய்கிறேன். சென்ற பருவத்தில் இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. வேலையை விட்டால் கட்டணம் கட்ட முடியாது. விடாவிட்டால் படிப்பு போகிறது. (மாணவர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: அந்த இரண்டு பாடங்களால் ஒரு பருவம் கூடினால், அதன் கட்டணமே ஏறத்தாழ 4,000 வெள்ளி; வேலைக்குச் சேராத ஆறு மாதச் சம்பளம் தனி. இரவு ஒரு மணிக்கு மழையில் நனைந்து நீங்கள் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு பருவத்திலேயே கரைந்துவிடும். வேலையை முழுவதும் விடச் சொல்லவில்லை. பாதியாகக் குறைத்து, வார இறுதிக்கும் விடுமுறைக்கும் தள்ளுங்கள்; குறையும் தொகைக்குக் கல்விக் கட்டணக் கடன் எடுங்கள். படிக்கும்வரை வட்டியில்லாத பணம் இருக்கும்போது, தூக்கத்தை விற்றுக் கட்டணம் கட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

உத்தரவாதக் கையெழுத்துக்கு மாமா தயங்குகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் தயங்குவது நியாயமே, ஏனென்றால் நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவரைத்தான் கேட்கும். பாடங்களின் பட்டியல், படிப்பு முடியும் மாதம், கடன் தொகை, மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்ற கணக்கு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள்; குறுஞ்செய்தியில் கேட்க வேண்டாம்.