மடிநோய்க்கு சிப் கருவி வாங்கலாமா?

கேள்வி: எட்டு கலப்பின ஜெர்சி மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டுக்கு மடிநோய் ஊசி போட்டால் அடங்குகிறது, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. ஒரு காம்பு கட்டியே போய்விட்டது. ஒரு சொட்டுப் பாலை சிப்பில் விட்டால் ஒரு மணி நேரத்தில் என்ன கிருமி என்று காட்டும் கருவி இருக்கிறதாம். மருந்துக்கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?
– பால் பண்ணையாளர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்தத் தொழில்நுட்பம் ஏமாற்று வேலை இல்லை. மயிரிழை அகல வாய்க்கால்கள் வழியே பால் ஓடி, கிருமிக்கு ஒன்றாக இருக்கும் குழிகளில் போய் நிற்கும். அங்கே 60 முதல் 65 டிகிரி சூட்டில் கிருமியின் டிஎன்ஏ (மரபுப்பொருள்) பெருகும்; எந்தக் குழியில் பெருகுகிறதோ அந்தக் கிருமி பாலில் இருக்கிறது என்று அர்த்தம். கிருமியை வளர்த்துப் பார்க்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும் இடத்தில் இது பெரிய லாபம்தான். ஆனால் பாலின் கொழுப்பும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் இந்த வினையைக் கெடுக்கும். அவற்றை எப்படி நீக்குகிறார் என்று கடைக்காரரைக் கேளுங்கள். செத்த கிருமிக்கும் அது 'இருக்கிறது' என்றே காட்டும். எந்த மருந்து கேட்கும் என்பதையும் கிருமியின் பெயர் மட்டும் சொல்லிவிடாது. எட்டு மாட்டுக்கு இந்தச் செலவு அதிகம்.

நோய் ஏன் திரும்பி வருகிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை. அடங்கி அடங்கி வருவதும் காம்பு கட்டுவதும் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் குணம். மடித்திசுவுக்குள் தழும்பு கட்டி ஒளிந்துகொள்ளும், மருந்து உள்ளே எட்டாது. பாலிலும் விட்டுவிட்டுத்தான் வெளிவரும், அதனால் ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் நம்பிவிட முடியாது. மாட்டுக்கு மாடு அதைக் கொண்டுபோவது கறக்கிற கையும், எல்லா மடியையும் துடைக்கிற அந்த ஒரே துணியும்.

கறந்து முடித்ததும் நான்கு காம்பையும் கிளிசரின் கலந்த 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்குங்கள். தெளிக்க வேண்டாம், காம்பு முழுக்க நனையும்படி முக்க வேண்டும். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்க, கறந்த உடனே முன்னால் தீவனம் போடுங்கள். நான் போகிற தொழுவங்களில் விலை உயர்ந்த தாது உப்பு இருக்கும், காம்புக்குள் ஏற்றும் மருந்து டியூப் இருக்கும், முக்குகிற கிண்ணம் மட்டும் இருக்காது. ஏனென்றால் அதில் கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது! சுத்தமான மாடுகளை முதலில், இந்த இரண்டையும் கடைசியில் கறங்கள். மாட்டுக்கு ஒரு துணி.

கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் ஆன்டிபயாடிக் டியூபை நிறுத்துங்கள். நோய்க்குக் கேட்கிற மருந்தையும் கேட்காமல் செய்வது அதுதான். ஊசிக்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும். காம்பைக் கழுவி, உலரத் துடைத்து, 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் நுனியைத் தேய்த்து, முதல் சில பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, கிருமிநீக்கிய குப்பியில் பிடியுங்கள். கை உள்ளே படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் மருந்து உணர்திறன் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த முடிவைப் பார்த்து உங்கள் கால்நடை மருத்துவர் மருந்து எழுதட்டும். பாலை விலக்கி வைக்க மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை, மருந்து போட்ட மாட்டின் பாலை சொசைட்டியில் ஊற்றாதீர்கள்.

அதன் பிறகும் அதே காம்பில் அதே கிருமி வந்தால் மாட்டைக் கழித்துவிடுங்கள். நல்ல கறவை என்று சொல்லி அந்தியூர் சந்தையில் இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.