ஹீற்றர் வேலை செய்யாத பழைய காரை வாங்கலாமா?

தம்பி, மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து முதற்குளிரைக் காணப்போகும் நீங்கள், பார்த்துவைத்த பழைய காரில் ஹீற்றரும் ஏசியும் சரியாக வேலை செய்யவில்லை, விற்பவர் 'காஸ் அடித்தால் சரி' என்கிறார், வாங்கலாமா, காப்புறுதி எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். காப்புறுதியை ஒரு முகவரிடம் கேளுங்கள். ஹீற்றர்தான் முக்கியம்.

முதலில், ஏசியைக் குளிர்விக்கும் காஸுக்கும் ஹீற்றருக்கும் தொடர்பே இல்லை. எஞ்சினைச் சுற்றிச் சூடேறும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீற்றர் கோர் என்ற சிறிய ரேடியேற்றர் வழியாக ஓடுவதால்தான் வெப்பக் காற்று வருகிறது. நெடுந்தூரம் ஓடியும் வெப்பமானி முள் ஏறாவிட்டால், கூலன்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ரற் மூடாமல் நிற்கக்கூடும். அது பெரிய செலவில்லை. முள் ஏறியும் காற்று குளிர்ந்தே வந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது கோர் அடைத்திருக்கலாம். உள்ளே இனிப்பு வாடை வந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால் கோர் ஒழுகுகிறது. பல கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருப்பதால் கூலியே பெருந்தொகையாகும். அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஊரில் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ -37 பாகை செல்சியஸ் வரை உறையாது; வெறும் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளக்கச் செய்யும்.

ஏசி காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. அது குறைந்தால் எங்கோ கசிகிறது. ஒழுக்கைத் தேடாமல் காஸ் மட்டும் அடிப்பது வீண்செலவு. கோடைக்கு மட்டுமே ஏசி என்றும் எண்ணாதீர்கள். மழை நாட்களில் கண்ணாடியில் படியும் ஈரமூட்டத்தை நீக்கக் காற்றை உலர்த்துவதும் அதுதான். மாரியில் மட்டக்களப்பு வான்களில் துணியால் துடைத்துச் சமாளித்தோம். இங்கே துடைத்த ஈரமே உறைந்துவிடும்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில், தொழிற்சாலை இரவு வேலைக்கு ஹீற்றர் இல்லாத ஒரு காரில் பலராகச் சேர்ந்து போவோம். எங்கள் மூச்சே கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படிய, 401 நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் ஒரு கையால் அதைச் சுரண்டிக்கொண்டே போவார். புதிதாக வந்தவரிடம் அந்தக் காரை யூலை மாதத்தில் விற்றவரும் நம்மவர்தான். வெயிலில் ஹீற்றரை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்று தெரிந்து விற்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. எஞ்சின் ஆறிய பின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து, ஒவ்வோர் ஒக்ரோபரிலும் கூலன்டை நானே அளந்து பார்க்கிறேன்; சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

இரவு முழுவதும் நின்று குளிர்ந்த காரை, காலையில் உங்கள் முன்னாலேயே ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஓட்டி, ஹீற்றர், ஏசி இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு வேறொரு கராஜில் காட்டுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.