இணையத்தில் வரும் தகவலைச் சரிபார்க்க ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். "வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க" என்று எத்தனை முறை சொல்லியும் பிள்ளைகள் மனதில் ஏறவில்லை. ஏறியது ஒரு படத்தால்.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவி, "சார், தீபாவளி ராத்திரி நாசா எடுத்த படம் பார்த்தீங்களா? பெரியப்பா அனுப்பினாங்க" என்றாள். உங்களுக்கும் வந்திருக்கும்: இருட்டில் இந்தியா, அதில் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு வெளிச்சம். பொய் என்று நான் சொல்லவில்லை. "விளக்கு வெளிச்சம்னா ஏன் இத்தனை நிறம்?" என்று மட்டும் கேட்டேன். "வாணவேடிக்கை சார்!" என்றது கடைசி பெஞ்ச்.

ஹைடெக் லேபுக்குப் போய்ப் படத்தை வைத்தே தேடினோம். நாசாவின் தளத்திலேயே விளக்கம் கிடைத்தது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளைச் சேர்த்து 2003-இல் உருவாக்கிய படம் அது. 1992-க்கு முன்பே தெரிந்த நகர விளக்குகள் வெள்ளை. பிறகு புதிதாகத் தெரிந்தவற்றில் 1992 நீலம், 1998 பச்சை, 2003 சிவப்பு. மக்கள்தொகை பெருகியதைக் காட்டும் படம்! அதன்பின் பாடம் நடத்த விடவில்லை, "நம்ம ஊர் என்ன கலர்?" என்று திரையை மொய்த்துவிட்டார்கள்.

"அப்போ நாசா பொய் சொல்லுதா சார்?" என்று ஒருவன் கேட்டான். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். எல்லாமே பொய் என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டால், எதையும் நம்புகிற பிள்ளையைவிட அது மோசம். நாசா 2012 நவம்பர் 12 இரவில் எடுத்த உண்மையான படத்தையும் காட்டினேன். தீபாவளியால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து தெரியாத அளவுக்குக் குறைவு என்று அதனுடன் எழுதியிருக்கிறார்கள். முதல் படம் நிஜம், மேலே ஒட்டிய வாசகம்தான் பொய் என்று அவர்களே சொன்னார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வும், இப்படி வெளியே போய்த் தேடுவதுதான் வழி என்று காட்டுகிறது. மாணவர்களும் வரலாற்று அறிஞர்களும்கூட ஒரே பக்கத்தை மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ உடனே அதைவிட்டு வெளியேறி, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஃபார்வேர்டு. யார் செய்தது, எப்போது, எதற்காக என்று நோட்டில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது.

அந்த மாணவி, பெரியப்பாவிடம் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். கடைசியில் நிற விளக்கத்தை அனுப்பி, "பெரியப்பா, நம்ம ஊர் எந்த வருஷத்துக் கலர்ல இருக்குன்னு பாருங்க" என்று எழுதினாள்.