முதலில் பீலியைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எங்கள் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பங்களா இருக்கிறது. கல் சுவர், சீமை ஓடு, மரத் தரை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பல வருடம் பூட்டியே கிடந்ததில் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. ஹாலில் கால் வைத்தால் பலகை அமுங்குகிறது. ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டு, சுவரை சிமெண்டால் பூசி, தரைக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். அண்ணனும் அதையே சொல்கிறார். பிறகு விடுதியாக்கும் எண்ணமும் அவருக்கு உண்டு. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கான்ட்ராக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், சகோதரி. நீங்கள் சொல்லும் கோளாறுகள் எல்லாமே தண்ணீரால் வந்தவை. அவர் சொல்லும் வைத்தியம் அந்தத் தண்ணீரை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும்.

அந்தக் காலத்துச் சுவர்களில் கல்லுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை அல்லது களிமண். மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. மலையில் வெயிலும் குறைவு. சுவருக்குள் தங்கிய ஈரம் உப்பாகப் பூக்கும், உத்தரத்தின் நுனியை உளுக்க வைக்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் புதுப் பூச்சே பாளம் பாளமாகப் பெயரும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும்; உள்ளே சுண்ணாம்பு அடித்தாலே போதும். கான்கிரீட் கூரை வேண்டவே வேண்டாம். அந்தப் பாரத்துக்காகக் கட்டிய சுவர் இல்லை அது.

ஏணி வைத்து முதலில் கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாயையும், கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரை வாங்கி வெளியேற்றும் தகரப் பீலியையும் பாருங்கள். பக்கத்தில் கற்பூர மரமோ சைப்ரஸோ இருந்தால் பீலி முழுக்க இலைதான் இருக்கும். அடைபட்ட தண்ணீர் வழிந்து சுவரில் இறங்குவதை ஓதம் என்று நினைத்துக்கொள்கிறோம். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுங்கள். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்திருந்தால் அதையும். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா பெருமளவு மறைத்துக்கொள்வதால் உங்கள் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். அதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். வீட்டின் மேட்டுப் பக்கத்து வாய்க்காலையும் தூர் எடுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது தரை. வெளிச்சுவரில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே சின்னச் சின்னக் கம்பித் துவாரங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பலகைக்கு அடியில் காற்றோட விட்டவை அவை. பல பங்களாக்களில் பூச்செடிக்காக மண்ணைக் கொட்டிக் கொட்டி அவற்றை மூடியிருப்பார்கள். பார்க்க அழகுதான், அடியில் பலகை அழுகும். மண்ணை வெட்டி எடுத்துத் துவாரத்தைத் திறந்துவிடுங்கள். கரையானும் பாருங்கள். கெட்ட பலகையை மட்டும் ஆசாரி மாற்றட்டும். தேக்கோ ஈட்டியோ என்றால் உளுத்த நுனியை அறுத்து ஒட்டுப் போடலாம், முழு மரத்தையும் கழற்ற வேண்டாம். 1831-ல் திறந்த ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையிலிருந்து மரம் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டடத்தில் இருந்து பழசான மரம் அடுத்ததைத் தாங்குகிறது!

பூச்சு வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை நீற்றி, ஊறப்போட்டு, மணலோடு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள்; பழைய கோயில், தேவாலயத் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரியுங்கள். கடுக்காய், கருப்பட்டி சேர்ப்பதும் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகும். ஆகவே அவசரக்காரருக்கு இது ஒத்துவராது. பனி விலகிய பிறகு, பிப்ரவரிக்கு மேல் கோடைமழைக்கு முன்னால் தொடங்கலாம்.

விடுதி விஷயம்: மலைப்பகுதிக்குக் கட்டட விதிகள் தனி. இடித்துவிட்டால் அதே அளவில் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்கும் என்று அண்ணன் நம்பிவிட வேண்டாம். வீட்டை விடுதியாக்குவதற்கும் முறையான அனுமதி வாங்க வேண்டும். முதலில் அவரைக் கன்னேரிமுக்குக்கு அழைத்துப் போங்கள். 1819-ல் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சலிவன் கட்டிய பெத்தகல் பங்களா, சிதிலமான நிலையிலிருந்து மீட்கப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. உங்கள் ஊரிலேயே இருக்கும் சாட்சி அது.

முதல் வருடச் செலவு கூரை, பீலி, வாய்க்கால், தரை இவற்றோடு நிற்கட்டும். ஒரு மழைக்காலம் முழுக்கக் கதவு ஜன்னலை அவ்வப்போது திறந்து, புகைபோக்கியில் கூடு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கணப்பையும் மூட்டுங்கள். சுவர் எவ்வளவு காய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பூச்சுக்கு எஸ்டிமேட் கேட்க வேண்டும். இதற்கிடையே பழைய பித்தளைக் கீல், கைப்பிடி, ஜன்னல் கண்ணாடிக்கு யாராவது விலை பேச வருவார்கள். கொடுத்துவிடாதீர்கள், அதே அளவில் கீல் இன்று கடையில் கிடைப்பது கஷ்டம்.