கிளாரினெட் வாசிப்பவர் ஆல்டோ கிளாரினெட் வாங்கலாமா?

கோத்தகிரி பக்கம் பேண்டு செட்டில் சாதாரண பி ஃப்ளாட் கிளாரினெட் வாசிக்கிறேன், பழைய ஆல்டோ கிளாரினெட் ஒன்று விலைக்கு வருகிறது, விரல் வைப்பு அதேதானா, கல்யாணக் கச்சேரிக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரல் அதேதான். கல்யாணத்துக்கு ஆகாது.

குன்னூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான் ஊதுவது ஆல்டோதான். வெலிங்டனில் ரெஜிமென்ட் பேண்டிலிருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர் பழக்கிவிட்டார். மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் ராணுவ இசைப் பயிற்சி முடித்த மனிதர். ஒரு ஸ்வரம் பிசகினால் இன்றும் புருவத்தைத் தூக்குவார்.

இது ஈ ஃப்ளாட் வாத்தியம். பேப்பரில் சி என்று இருப்பதை ஊதினால் அதற்குக் கீழே உள்ள ஈ ஃப்ளாட் ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோனுக்கும் (சாக்ஸ்) இதே கணக்கு என்பதால், சாக்ஸுக்கு எழுதியதை அப்படியே எடுத்து வாசிக்கலாம். பார்வைக்கும் பாதி சாக்ஸ்தான்: மேலே வளைந்த உலோகக் கழுத்து, கீழே நிமிர்ந்து பார்க்கும் உலோக பெல், நடுவில் நேரான கறுப்புக் குழல். கழுத்துப் பட்டையில் மாட்டி ஊத வேண்டும், இல்லையென்றால் வலது கட்டைவிரல் போச்சு.

கல்யாணக் கச்சேரிக்குக் கமகம்தான் சிக்கல், அதாவது ஸ்வரத்தை அசைத்து வழுக்கி வாசிப்பது. உங்கள் கிளாரினெட்டில் விரல் நேரே துளைமேல் உட்காருகிறது. மெல்ல நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கும். ஏ.கே.சி. நடராஜன் போன்ற கர்நாடக இசைக் கிளாரினெட் கலைஞர்கள் இந்தக் குழலில் ராகம் பேச வைத்ததில் அந்த விரலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆல்டோவில் துளைகள் பெரியவை, தள்ளித் தள்ளி இருப்பவை. அதனால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் மூடி போட்டிருப்பார்கள். மூடி திறக்கும், அடைக்கும், அவ்வளவுதான். உதட்டை வைத்து ஓரளவு வளைக்கலாம். கமகம் நிறைந்த தோடி ராகத்தை வாசித்துக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்புறம் எதற்கு இது? நடுக்குரலுக்கு. பாமாலைப் பாட்டுகளில் டெனர் வரியை (ஆண்களின் மேல்குரல்) இதில் ஊதினால், பாடும் அண்ணன்மார் இரண்டு பேர் வராத ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டை தெரியாது. ஈ ஃப்ளாட்டில் உள்ள பாட்டு நமக்கு வெறும் சி மேஜர், அதுவும் ஒரு சுகம். பெரிய பேண்டுகளில் முதலில் கழற்றிவிடப்படுவது இந்த வாத்தியம்தான், ஏனென்றால் இதன் வரி பெரும்பாலும் வேறு ஏதாவது வாத்தியத்திலும் இருக்கும். ஆனாலும் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1964-ல் கென்னடி நினைவாக எழுதிய சிறு இரங்கல் பாடலில் குரலுக்குத் துணையாக வைத்தது இரண்டு சாதாரண கிளாரினெட்டும் ஒரு ஆல்டோவும் மட்டும்தான். மோட்சார்ட்டின் ரெக்வியம் என்ற இரங்கல் திருப்பலி இசையில் வருவது இதுவல்ல. அது எஃப் சுருதியில் உள்ள பாசெட் ஹார்ன். நெருங்கிய சொந்தம், அவ்வளவே.

நம் மலைக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. 20 டிகிரியில் காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடும், 10 டிகிரியில் 337தான். குழலுக்குள் காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்தால் சுருதி அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். டிசம்பர் இரவு கேரல் ரவுண்டில் ஜீப்பில் இருக்கும் கீபோர்டு அசையாது, நம்முடையது மட்டும் சறுக்கிக்கொண்டே போகும். சுருதி ஏறிவிட்டால் கழுத்தைக் கொஞ்சம் வெளியே இழுக்கலாம். இறங்கிவிட்டால், முழுக்க உள்ளே தள்ளிய பிறகு செய்ய ஒன்றுமில்லை. குழல் பெரிது, மூச்சில் சூடேற நேரமாகும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஸ்வெட்டருக்குள் அணைத்து, சத்தம் வராமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நடப்பேன். கழுத்து வளைவில் தண்ணீர் கட்டி களகளவென்று இரையும், அடிக்கடி கவிழ்த்துக் கொட்டுங்கள்.

மரக்குழல் என்றால் யோசியுங்கள். வெளியே குளிர், உள்ளே சூடான மூச்சு, போதாததற்கு மழைக்காலத்து ஈரமும் தை மாத வறட்சியும் மாறி மாறி வந்தால் மரம் வெடிக்கும். பிளாஸ்டிக் உடம்பாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

பணம் கொடுக்குமுன் துண்டு துண்டாகக் கழற்றுங்கள். ஒவ்வொன்றிலும் எல்லா மூடிகளையும் அழுத்தி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். காற்று கசிந்தால் பேடு (மூடியின் அடியில் உள்ள மெத்தை) மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். ரீடு, அதாவது வாயில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் பட்டை, கிடைப்பது கஷ்டம். பலர் ஆல்டோ சாக்ஸ் ரீடையே போட்டு ஒப்பேற்றுகிறார்கள், மவுத்பீஸ் அகலத்துக்குச் சரியாக உட்காருகிறதா என்று கையோடு ஒன்று கொண்டுபோய்ப் பாருங்கள்.