சதுப்புநிலத்துக்கு மேப் போடுவது ஒரு வேலையா? ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ முடிக்கும் உங்கள் மகள் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (செயற்கைக்கோள் படங்களையும் நில வரைபடங்களையும் கம்ப்யூட்டரில் ஆராயும் படிப்பு) படித்து, கடலோரச் சதுப்புநிலங்களை மீட்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். "மேப் பார்க்கிறதுக்கு யார் சார் சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்பு அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து, தாழ்ந்து, தொட்டி போல் ஆகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறும்போது, உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தார்கள். அதன் பிறகே கன்று நட்டார்கள். 1986, 2002 ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது.

எந்த இடம் தாழ்ந்திருக்கிறது, நீர் எங்கே நிற்கிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நடுவதற்கு முன்பே சொல்வதுதான் உங்கள் மகள் விரும்பும் வேலை. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் நட்டால் பணமும் போகும், ஊர் மக்களின் நம்பிக்கையும் போகும். அதனால் இதைச் சின்ன வேலை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்காரும் வேலை என்று அவள் நினைத்திருந்தால், அதை இப்போதே பேசிவிடுங்கள். சில சென்டிமீட்டர் உயர வித்தியாசம்கூட மரத்தின் உயிரைத் தீர்மானிக்கும். அது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. உயரம் அளக்கும் லெவல் கருவியோடு சேற்றில் இறங்க வேண்டும், மீனவர்களிடம் நீரோட்டம் கேட்க வேண்டும்.

படிப்புக்கு வருவோம். கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது. கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சிவில், புவியியல், தாவரவியல் எதில் பட்டம் வாங்கினாலும் முதுகலையில் ரிமோட் சென்சிங்குக்கு (செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தை ஆராய்வது) மாறலாம். கடல் உயிரியல் பிடித்தால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, பிச்சாவரத்துக்குப் பக்கத்திலேயே.

சம்பளம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சென்னையில் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் இருக்கிறது. வனத்துறைத் திட்டங்களும் தொண்டு நிறுவனங்களும் உண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலும் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட் வேலைதான். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். நிரந்தர வேலைக்குக் காலம் பிடிக்கும். ஆறுதல் என்னவென்றால், ஜிஐஎஸ் (கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டு ஆராயும் முறை) தெரிந்தவர்களை நில அளவை, குடிநீர்த் திட்டம், டெலிகாம் என்று பல துறைகளிலும் எடுக்கிறார்கள். கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யட்டும். வரைபடம் போடும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களும் இலவசம். அதிகபட்சத் துல்லியத்தில், படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீட்டர். சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் 2016 படத்தையும் சமீபத்திய படத்தையும் இறக்கி, சதுப்புநிலத்தின் எல்லையை அவளே வரைந்து பார்க்கட்டும். அலுப்பான வேலை. அதை ஆர்வத்தோடு முடித்தால், கவுன்சலிங்கில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸை முதலிலும் சிவிலை அடுத்ததாகவும் போடுங்கள்.